கட்டை நிற்கும் காடு

எனக்கு முதலில் அநியாயம் செய்தவர் தேயிலை எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதிய ஞானாபரணம் ரைட்டர். அவருக்குப் பிறகு எத்தனையோ பேர் செய்திருக்கிறார்கள், என் கோடாலியை இரவல் வாங்கிப் போய்ப் பிடியை உடைத்துத் திருப்பித் தந்த சின்னக்கருப்பன், என் தங்கை கல்யாணத்தில் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு சாம்பாரில் உப்பில்லை என்று ஊரெல்லாம் சொன்ன பெரிய மாமன், நான் வேலையிலிருந்து நின்ற அன்றைக்கு எல்லோருக்கும் மாலை போட்டுவிட்டு எனக்கு மட்டும் துண்டு போட்ட யூனியன்காரர்கள், யாரையும் நான் மறக்கவில்லை, ஆனால் அவர்கள் எல்லாம் பின்னால் வந்தவர்கள், வரிசையில் முதலில் நிற்பவர் ரைட்டர்தான். அந்த ரைட்டர் இப்போது என் முதுகுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். கண்ணாடியில் தெரிகிறார். குடையை மடித்துக் காலுக்கிடையில் நிறுத்தியிருக்கிறார், அதிலிருந்து தண்ணீர் சொட்டி சலூன்கார மணவாளன் கூட்டி வைத்த முடிக்குவியலை நனைக்கிறது. எனக்குச் சிரிப்பு வருகிறது. சிரிக்கக்கூடாது, முகம் முழுக்க சோப்பு. மணவாளன் பிரஷ்ஷைச் சுற்றிச் சுற்றி உதட்டு வரைக்கும் நுரையை ஏற்றிவிட்டான், வாயைத் திறந்தால் உள்ளே போய்விடும். சலூனுக்குள் அவர் நுழைந்தபோது நான் திறந்த வாயோடுதான் இருந்தேன், "ரைட்டரய்யா" என்று ஆரம்பிக்கப் போனேன், "அசையாதீங்க பெரியவரே" என்று மணவாளன் தலையைப் பிடித்து நேராக்கிவிட்டான். என் இரண்டு கையும் போர்த்தின துணிக்குள்ளே. சட்டைப் பையில் நாலாக மடித்த காகிதம் இருக்கிறது, நெஞ்சு மேலே அது இருப்பது தெரிகிறது, மூச்சு விடும்போது சின்னதாகச் சரசரக்கிறது. அந்தக் காகிதத்தை மூன்று நாளாக வைத்துக்கொண்டு திரிகிறேன். இரண்டு தடவை அவர் வீட்டு வாசல் வரைக்கும் போனேன், சாமான்களை அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தார்கள், அவர் மருமகள் "என்ன வேணும்?" என்று கேட்டாள், ஒன்றுமில்லை என்று திரும்பிவிட்டேன். மருமகள் முன்னால் கேட்கிற விஷயமில்லை அது. நாலு பேர் முன்னால் இழந்தது, நாலு பேர் முன்னால்தான் திரும்பி வரவேண்டும். ரைட்டர் திங்கட்கிழமை கோயம்புத்தூருக்கு மகன் வீட்டுக்கு ஒரேயடியாகப் போகிறார். இன்றைக்குச் சனிக்கிழமை. அவர் எனக்குச் சொல்ல வேண்டியது நாலே வார்த்தை. "சன்னாசி, நீ சொன்னது சரி." இந்த நாலு வார்த்தைக்கு நாற்பத்தெட்டு வருஷம் ஆகிறது.

மணவாளன் பிளேடை இரண்டாக ஒடித்துக் கத்தியில் செருகுகிறான். கண்ணாடியில் ரைட்டருக்கு மேலே வாசல் தெரிகிறது, வாசலுக்கு வெளியே பனிமூட்டம், பனிமூட்டத்துக்குள் பஸ் நிறுத்தத்துப் பலகை, ஸ்டாக்லி பஜார் என்று மஞ்சளில் எழுதியது, கண்ணாடியில் எல்லா எழுத்தும் திரும்பி நிற்கிறது. எனக்கு நேராக இருந்தாலே எழுத்துக் கூட்டித்தான் வரும், இரண்டாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் அது என்ன என்று எனக்குத் தெரியும், அந்தப் பலகை தலைகீழாகத் தொங்கினாலும் தெரியும். அன்றைக்கும் இதே மாதிரி மழை. ஜூன் மாசம். எஸ்டேட் ஆபீஸ் வராந்தாவில் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்க வரிசை நின்றது, மழைக்குத் தலையோடு போர்த்திய கம்பளிக்கொங்காடியில் இருந்து ஆவி பறக்க நாங்கள் முப்பது நாற்பது பேர், எல்லார் காலிலும் அட்டை கடித்த ரத்தம். எழுதத் தெரியாதவர்களுக்கு ரைட்டர்தான் பாரத்தை நிரப்பித் தருவார். என் மகள் செவந்திக்கு ஐந்து வயது, என் பொண்டாட்டி பூவாயி இடுப்பில் உட்கார்ந்து என் காதைத் திருகிக்கொண்டிருந்தாள். "பேரு?" "செவந்தி." "இனிஷியல்?" அங்கேதான் நான் ஒன்று சொன்னேன். எங்கள் அப்பாவுக்கு செக்ரோலில், தினமும் ஆஜர் கூப்பிடுகிற அந்தப் பேரேட்டில், அபிராமம் இருளாண்டி என்று பேர், ஏனென்றால் எஸ்டேட்டில் மூன்று இருளாண்டி இருந்தார்கள், வந்த ஊரை முன்னால் வைத்துத்தான் பிரித்தார்கள். நாளடைவில் இருளாண்டி போய் வெறும் அபிராமம் ஆனார், "அபிராமம், இங்க வா", "அபிராமம் வீட்டுக் கோழி". அப்பா செத்த அன்றைக்குக்கூட அபிராமம் போய்ச் சேர்ந்தாச்சு என்றுதான் தகவல் போனது. ஊரை முன்னால் வைத்துக்கொள்வது எங்களுக்குப் பழக்கம், அதில் ஒரு கெத்து இருக்கிறது. நான் அபிராமத்தைப் பார்த்தது ஒரே தடவை, அங்கே எங்களுக்கு ஒரு செங்கல் கிடையாது. என் மகள் பிறந்தது இங்கே மூன்றாம் நம்பர் லயத்தில், அவள் தொப்புள்கொடியைப் புதைத்தது பம்ப் ஹவுஸ் பக்கத்தில். அப்படியென்றால் அவள் ஊர் எது? "ஸ்டாக்லின்னு போடுங்கய்யா" என்றேன். ரைட்டர் பேனாவை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அப்போது முப்பது வயதிருக்கும், பாளையங்கோட்டையில் காலேஜ் படித்தவர், மீசையை ஊசி மாதிரி வைத்திருப்பார். "ஸ்டாக்லிங்கிறது ஒரு ஆளோட பேருடா. இந்தக் காட்டை முதல்ல வாங்கின வெள்ளைக்காரத் தொரை. இனிஷியல்ல அவரைப் போட்டா உன் மகளுக்கு அவருதான் அப்பன்னு அர்த்தம். என்ன, போடட்டுமா?" என்று கேட்டுவிட்டு, என்னைப் பார்க்கவில்லை, பூவாயியைப் பார்த்தார்.

வராந்தா சிரித்தது. தகரக்கூரை மேல் மழை விழுகிற சத்தத்தை மீறிச் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆள் ஆளாகப் பிரித்துத் தெரியும், யார் வாயைப் பொத்திச் சிரித்தார்கள், யார் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள், இருமிக்கொண்டே சிரித்தவன் சின்னக்கருப்பன். என் காது சூடேறியது. ஆனால் எனக்கு அப்போது ஒரு யோசனை வந்தது, எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியாது, கடப்பாறை வழுக்கிக்கொண்டே போய் திடீரென்று வேருக்கு அடியில் சிக்கும் பாருங்கள், அந்த மாதிரி. நான் சொன்னேன், "ஆளோட பேரா இருக்கட்டும்யா. அந்த ஆளுக்கு அந்தப் பேரு எங்கேயிருந்து வந்தது? அவரும் எங்கேயோ ஒரு ஊருலேருந்துதானே வந்திருப்பாரு. எங்கப்பாவை அபிராமம்னு கூப்பிட்ட மாதிரி அவுக அப்பனைப் பாட்டனை ஸ்டாக்லின்னு கூப்பிட்டிருப்பாங்க. அவருக்கும் அது ஊர்ப்பேருதான்." வராந்தா ஒரு நிமிஷம் அமைதியானது. சத்தியமாக ஆனது. நான் ஜெயித்த நிமிஷம் அது, அதன் நீளம் எனக்குத் தெரியும், தகரச் சந்தில் இருந்து ஒரு சொட்டு விழுந்து அடுத்த சொட்டு விழுகிற நேரம். அப்புறம் ரைட்டர் கேட்டார், "எழுத்துல இருக்கா?" அது அவர் வழக்கம். லீவு கேட்டாலும், கம்பளி கிழிந்தது என்றாலும், பாம்பு கடித்தது என்றாலும் எழுத்துல இருக்கா. என்னிடம் எழுத்தில் என்ன இருக்கும்? "தொரைக்கே பேரு வச்ச தொரை வந்திருக்காருப்பா, நகருங்க" என்றார். மறுபடியும் சிரிப்பு. அன்றைக்கு ஒட்டிய பேர் இன்றைக்கும் ஒட்டியிருக்கிறது, தொரை. டீக்கடையில் தொரைக்கு ஒரு டீ. பஸ்ஸில் தொரைக்கு இடம் கொடுங்க. செவந்தியின் பாரத்தில் 'ச' என்று எழுதிவிட்டுக் கீழே என் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தினார், எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்று சொல்லச் சொல்ல அழுத்தினார். சாயங்காலம் நான் சோறு உண்ணவில்லை. பூவாயி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள், அழுகிறாள் என்று நினைத்தேன், பார்த்தால் சிரிக்கிறாள். "அந்தத் தொரை செத்து எம்பது வருசம் ஆச்சாமே, அவரை நான் எங்கிட்டுப் போயிப் புடிச்சேன்? பங்களா பின்னால கல்லறையிலயா?" என்றாள். அவளுக்கு அத்தோடு முடிந்துவிட்டது. இன்றைக்குக் காலையில்கூடக் கேட்டாள், "ஒரு வார்த்தைக்கு இப்படி ஒரு ஆளு காத்துக் கெடப்பானா? கல்யாணத்துக்குக்கூட நீ எனக்கு இம்புட்டு நாள் காத்திருக்கலையே." நான் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அவளுக்குப் புரியாது என்று சொல்லமாட்டேன், புரியும், அதனால்தான் காகிதம் நனையாமல் இருக்க பிளாஸ்டிக் உறை தந்தாள்.

கத்தி காதோரம் இறங்குகிறது. குளிர்ச்சியாக இருக்கிறது. மணவாளனுக்கு வாய் சும்மா இருக்காது. "ஐயா கோயமுத்தூர் போயிட்டா எங்க கடைக்கு யாரு வருவா?" "ஏன், தொரை வர்றாரே" என்கிறார் ரைட்டர் பேப்பரை இறக்காமல். "தொரைக்கு மாசம் ஒரு தடவைதானே முளைக்குது." "அங்கெல்லாம் ஏ.சி. போட்ட சலூனாம்யா, தலையைத் தேய்ச்சு விடுவாங்களாம்." "தேய்க்கிறதுக்கு என் தலையில என்னடா இருக்கு" என்று ரைட்டர் தொப்பியைக் கழற்றிக் காட்டுகிறார். கண்ணாடியில் வழுக்கை பளபளக்கிறது. ஊசிமீசை எப்போதோ வெள்ளையாகிக் கீழே தொங்கிவிட்டது. இந்த ஆள் இல்லாத ஸ்டாக்லி எப்படி இருக்கும் என்று ஒரு நொடி யோசனை வருகிறது, வேண்டாம், அந்தப் பக்கம் போகக்கூடாது, அங்கே போனால் இளகிவிடுவேன். புதன்கிழமை வந்த போனை நினைக்கிறேன். பேத்தி மலர்க்கொடி, செவந்தியின் மகள், இங்கிலாந்தில் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூன்று மாசத்துக்கு முன்னால் அவளுக்குப் பெண் குழந்தை, என் கொள்ளுப்பேத்தி, போனில் பார்த்தேன், முஷ்டியை மடக்கிக்கொண்டு யாரையோ சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி தூங்குகிறாள், எங்கள் வம்சம்தான். "தாத்தா, ஸ்டாக்லிக்குப் போனோம்" என்றாள் மலர்க்கொடி. நான் இங்கே வந்துவிட்டாளோ என்று வாசலைப் பார்த்தேன். "இங்க, தாத்தா, இங்க இருக்கிற ஸ்டாக்லி. அந்தப் பேருல இங்க ஒண்ணுக்கு மேலயே இருக்கு. எங்களுக்குக் கிட்ட இருக்கிறதுக்குப் போனோம்." சின்ன ஊராம். பத்துப் பதினைந்து வீடு, ஒரு சர்ச், மழை பெய்துகொண்டிருந்ததாம், நம் ஊர் மழை மாதிரியே ஒல்லியாக விடாமல். நாயோடு நடந்துவந்த ஒரு வயசான அம்மா பிள்ளைக்குக் குளிரும் என்று வீட்டுக்குள் கூட்டிப்போய் டீ கொடுத்திருக்கிறாள். எங்க தாத்தா ஊருக்கும் இதே பேருதான் என்று இவள் சொல்ல, அந்த அம்மா "என் வீட்டுக்காரருக்கும் இதே பேருதான்" என்றாளாம். அவர் பரம்பரை அந்த ஊராம். ரொம்ப காலத்துக்கு முன்னால் அந்த ஊரைவிட்டு யாராவது வேற ஊருக்குப் பிழைக்கப் போனால் அங்கே இருக்கிறவர்கள் அவனை ஊர்ப்பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம், அது அப்படியே பிள்ளைக்கும் பேரனுக்கும் ஒட்டிக்கொள்ளுமாம். போனை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். "இன்னொரு தடவை சொல்லும்மா" என்றேன். சொன்னாள். "இன்னொரு தடவை." "தாத்தா, எத்தனை தடவை?" "நீ சொல்லு." பூவாயி அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன, தொரைக்குத் தந்தி வந்திருக்கா?" என்றாள்.

அத்தோடு நிற்கவில்லை, அதற்கு மேலே ஒன்று இருக்கிறது, அதை நினைத்தால்தான் நெஞ்சில் காகிதம் இன்னும் சத்தமாகச் சரசரக்கிறது, மணவாளா, மெதுவாக, குரல்வளை கிட்ட வந்துவிட்டாய். அந்தப் பேருக்கு அர்த்தம் என்ன என்று மலர்க்கொடி கேட்டிருக்கிறாள். அந்த அம்மா ஜன்னல் வழியாகக் கையைக் காட்டி, இதெல்லாம் முன்னே காடு, எவனோ வந்து வெட்டி இடம் உண்டாக்கியிருக்கிறான், வெட்டின பிறகு மரக்கட்டைகள் அங்கங்கே நின்றிருக்கும், கட்டை நிற்கிற வெட்டுக்காடு, அதுதான் இந்தப் பேர், என்றாளாம். கட்டை நிற்கிற வெட்டுக்காடு. நான் முப்பத்தொரு வருஷம் எஸ்டேட்டில் என்ன வேலை பார்த்தேன்? கட்டை பேர்க்கிற கேங். பழைய நிழல்மரத்தை வெட்டினால் அடிக்கட்டை நிற்கும், அதைத் தோண்டி வேரோடு எடுத்தால்தான் புதுத் தேயிலை வைக்கலாம். எங்கள் அப்பா காலத்தில் இன்னும் மோசம், அப்போது பெருங்காட்டை வெட்டியிருந்தார்கள், நாங்கு மரத்துக் கட்டை, கோடாலி பட்டால் கோடாலிதான் கத்தும். ஒரு கட்டைக்கு ஆறு ஆள், மூன்று நாள். கட்டையைச் சுற்றிக் குழி பறித்து ஆணிவேரைத் தேடிப் போவோம், மழைத்தண்ணீர் குழிக்குள் நிற்கும், அதில் நின்றுகொண்டே வெட்டுவோம், வேர் அறுகிற போது ஒரு வாசம் வரும், பச்சையும் இல்லை புளிப்பும் இல்லை, மண்ணே வாயைத் திறந்த மாதிரி. கட்டை சாய்கிற நேரம் எல்லோரும் ஒரே சத்தமாகக் கத்துவோம், அதில் அர்த்தமே இருக்காது, சும்மா கத்தல். அங்கேயும் ஒருத்தன் அப்படிக் கத்தியிருப்பான். எவன் அவன்? தொரையா? தொரை கட்டை பேர்ப்பானா? அவனும் என்னை மாதிரி ஒருத்தன், காலில் சாக்கைக் கட்டிக்கொண்டு, பொண்டாட்டி கட்டிக்கொடுத்த கட்டிச்சோற்றை மரக்கிளையில் தொங்கவிட்டுவிட்டு வேலை செய்தவன். அவனுக்குப் பேர் என்ன என்று யாருக்கும் தெரியாது, அவன் செய்த வேலை ஊருக்குப் பேராகிவிட்டது, ஊர்ப்பேர் ஒரு குடும்பத்துக்குப் பேராகிவிட்டது, அந்தக் குடும்பத்தில் ஒருத்தன் கப்பலேறி வந்து இங்கே ஒரு பலகையில் எழுதி நட்டுவிட்டான், நட்ட இடத்தில் பார்த்தால் மறுபடியும் கட்டை, மறுபடியும் ஆறு ஆள். அந்தப் பலகையில் இருப்பது தொரை பேர் இல்லை. எங்கள் கேங் பேர். புதன்கிழமை ராத்திரி சோறு உண்ணவில்லை, சந்தோஷத்தில். பூவாயி இதற்கும் சிரித்தாள். அப்புறம் மலர்க்கொடி கடைசியாகச் சொன்னதுதான் இந்தக் காகிதம். அங்கே பிறப்பைப் பதியும்போது குடும்பப்பேர் என்று ஒன்று கண்டிப்பாகக் கேட்பார்களாம், அது நமக்குக் கிடையாது, இனிஷியலை வைத்துக்கொண்டு அங்கே ஒன்றும் நடக்காதாம். "அம்மா கதையெல்லாம் சொல்லியிருக்கு தாத்தா. ஆபீஸ் வராந்தா கதை. அதனால பாப்பாவுக்கு நான் ஒண்ணு போட்டுட்டேன். நீங்க திட்டக்கூடாது." அவள் அனுப்பிய பிறப்பு சர்டிபிகேட்டை பஜார் ஸ்டூடியோக்காரன் போனிலிருந்து எடுத்துக் காகிதத்தில் அச்சடித்துத் தந்தான். எழுத்துல இருக்கா என்று கேட்டீர்களே ரைட்டரய்யா. இருக்கிறது. அரசாங்க எழுத்தில் இருக்கிறது, உங்களுக்குப் பிடித்த இங்கிலீஷில் இருக்கிறது, இந்தத் துணிக்கு அடியில் இருக்கிறது.

இப்போது ஒரு பயம் வருகிறது. எதிர்பார்க்கவே இல்லை, கத்தி தாடைக்கு அடியில் நிற்கிற நேரம் பார்த்து வருகிறது. அவர் சொல்லிவிட்டால்? காகிதத்தைக் காட்டுகிறேன், அவர் படிக்கிறார், சன்னாசி நீ சொன்னது சரி என்று பளிச்சென்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டால்? அப்புறம் நாளைக்கு விடியற்காலை நான் எதை நினைத்துக்கொண்டு எழுந்திருப்பேன்? நாற்பத்தெட்டு வருஷமாகப் பல் விளக்கும்போது அவருக்குப் பதில் சொல்லி வந்திருக்கிறேன். கட்டை வெட்டும்போது அவர் முகத்தை வைத்து வெட்டினால் கோடாலி நன்றாக இறங்கும், கேங்கில் எல்லோருக்கும் அது தெரியும், "தொரை, இன்னைக்கு ரைட்டரை நினைச்சுக்கிட்டியா?" என்று மேஸ்திரியே கேட்பான். எனக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்த ஆள் சொல்லாமல் நான் சாகமாட்டேன் என்று நினைத்தேன், சாகவில்லை. அப்படியானால் சொல்லிவிட்டால்? அட்டைப்பெட்டிகள், லாரி, திங்கட்கிழமை, அப்புறம் அந்த வீட்டு வாசலில் வேறு யாரோ கோலம் போடுவார்கள். சொல்லாமலேயே போய்விட்டால் அது இன்னும் பெரிய பயம், போன இடத்தில் ஏதாவது ஆகிவிட்டால், எழுபத்தெட்டு வயது, பிரஷர், என் நாலு வார்த்தையைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு போய்விட்டால். இரண்டு பயமும் ஒன்றையொன்று முட்டுகின்றன. மணவாளன் படிகாரத்தைத் தண்ணீரில் தோய்த்துக் கன்னத்தில் இழுக்கிறான், சுரீர் என்கிறது, இரண்டு பயமும் ஒரேயடியாகப் போய்விட்டன. துணியை உதறுகிறான். என் கைகள் வெளியே வந்துவிட்டன. வாயும் வந்துவிட்டது. "ரைட்டரய்யா, உட்காருங்க" என்று எழுந்து நாற்காலியைத் தட்டிக் கொடுத்தேன், அவரே ஆச்சரியமாகப் பார்த்தார். உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பவுடர் டப்பா பக்கத்தில் வைத்தார். மணவாளன் துணியைப் போர்த்திக் கழுத்தில் முடிச்சுப் போட்டு, பிரஷ்ஷை எடுத்து, உதடு வரைக்கும் நுரையை ஏற்றினான். அதுவரைக்கும் நான் பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்திருந்தேன். டீக்கடைத் தங்கையா டம்ளர் எடுக்க வந்தான், "இரு, போகாதே" என்றேன். மழைக்கு ஒதுங்கிய டிரைவர் ஒருத்தர் வாசலில் நின்றார். மணவாளனோடு மூன்று பேர். போதும், வராந்தா அளவுக்கு இல்லை, ஆனாலும் போதும்.

சொன்னேன். முதலிலிருந்து சொன்னேன், ஜூன் மாசம், மழை, அபிராமம், இனிஷியல். ரைட்டர் கண்ணாடியில் கண்ணை இடுக்கினார், வாயைத் திறக்கப் போனார், "அசையாதீங்கய்யா" என்று மணவாளன் தலையைப் பிடித்து நேராக்கினான். மணவாளா, நீ நல்லா இருப்பே. சர்ச்சும் நாயும் அந்த அம்மாவும் ஊரைவிட்டுப் போனவனை ஊர்ப்பேர் சொல்லிக் கூப்பிட்ட கதையும் சொன்னேன். "அப்போ அண்ணன் சொன்னதுதானே சரி" என்றான் தங்கையா. "நீ சொல்லாதே, நீ சொல்ல வேண்டியதில்லை அது" என்று அடக்கினேன். கட்டை நிற்கிற காடு என்று சொன்னபோது டிரைவர், "அட, எங்கப்பாவும் கட்டை கேங்தான்" என்றார், அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, மழையைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் காகிதத்தை உறையிலிருந்து எடுத்தேன், நாலு மடிப்பையும் பிரித்தேன், ரைட்டருக்குப் பின்னாலிருந்து கண்ணாடியில் தெரிகிற மாதிரி நீட்டினேன். அவர் நுரைக்குள்ளிருந்து உற்றுப் பார்த்தார். மூக்குக்கண்ணாடி இல்லை. போதாததுக்கு எழுத்து எல்லாம் திரும்பி வேறு நிற்கும். என் நாற்பத்தெட்டு வருஷத்தில் அந்த மாதிரி ஒரு சுகம் கிடையாது, எழுத்து எதிரே இருக்கிறது, ரைட்டரால் படிக்க முடியவில்லை. நான் அவசரப்படவில்லை. மணவாளன் ஒரு பக்கம் வழித்தான், மறு பக்கம் வழித்தான், மீசையைக் கத்தரித்தான், படிகாரம் போட்டான். துணி கழன்றதும் ரைட்டர் முதலில் கையை நீட்டியது மூக்குக்கண்ணாடிக்கு. மாட்டிக்கொண்டு காகிதத்தை வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், கையெழுத்தை விரலால் தடவினார், பழைய ஆபீஸ் பார்வை. அப்புறம் நிமிர்ந்து நின்று, செக்ரோல் கூப்பிடுகிற அதே குரலில், சத்தமாக, ஒவ்வொரு பேராக நிறுத்திப் படித்தார். "யாழினி. ஸ்டாக்லி." தேயிலைக்குள் பனிமூட்டத்துக்குள் நிற்கிறவனுக்கும் கேட்கிற குரல் அது. எனக்கு "ஆஜர்" என்று சொல்ல வாய் வந்தது. கண்ணில் தண்ணீர், படிகாரம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேரும் ரைட்டரைப் பார்க்கிறார்கள். நானும் பார்க்கிறேன். வாயைத் திறக்கிறார். காகிதத்தை அதே மடிப்பில் நாலாக மடித்து என் சட்டைப் பையில் அவரே வைத்து, மேலே ஒரு தட்டுத் தட்டினார். "ஏன் சன்னாசி," என்றார், தொரை என்று சொல்லவில்லை, "அது என்ன மரத்துக் கட்டைன்னு அந்தம்மா சொல்லுச்சா?" நான் திகைத்துப்போனேன். இந்த மனிதர் என்னிடம் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளக் கேள்வி கேட்டதே கிடையாது. "சொல்லலைய்யா." "கேட்டுச் சொல்லு." "சரிய்யா. நீங்க எனக்குச் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்குதே." "இருக்கு, இருக்கு" என்றார். குடையை எடுத்தார். "நீ மரத்தைக் கேட்டுச் சொல்லு, அப்புறம் பாப்போம்." "எழுத்துல தரட்டுமா?" என்றேன். அந்த ஆள் சிரித்தார், மணவாளன் சிரித்தான், தங்கையா டம்ளர்கள் கலகலக்கச் சிரித்தான், நானும்தான், மழைக்கு ஒதுங்கிய டிரைவர் எதற்கு என்று தெரியாமலே சிரித்தார். குடை விரிந்து பனிமூட்டத்துக்குள் போனது, பஸ் பலகையைத் தாண்டியதும் தெரியவில்லை. வீட்டுக்குப் போனால் பூவாயி கேட்பாள், சொல்லிட்டாரா? இல்லை. இன்னும் சொல்லவில்லை. கடல் தாண்டி வந்த பேர் கடல் தாண்டித் திரும்பிப் போயிருக்கிறது, கோயம்புத்தூரிலிருந்து நாலு வார்த்தை வருவதற்கு காலையில் ஒன்று மத்தியானம் ஒன்று என்று இரண்டு பஸ் இருக்கிறது.